சர்க்கரைக் கிளி அச்சு

மாடியில் குடியிருக்கும் பெண் நேற்றுக் காலை காபிப்பொடி கேட்டு இறங்கி வந்தாள். இடுப்பில் ஒன்பது மாதக் குழந்தை. காபிப்பொடி சும்மா ஒரு சாக்குதான். அவள் இந்தத் திண்டிவனத்துக்காரி, புருஷன் இந்திக்காரர். பொடியை வாங்கிய பிறகும் போகாமல் நின்றவள் கடைசியில் கேட்டுவிட்டாள்.

"அங்கிள், ரெண்டு பாஷைல பேசிக்கினு இருந்தா கொழந்தைக்கு பேச்சு லேட்டாவும்னு எல்லாரும் சொல்றாங்க. நான் தமிழ்ல பேசறத நிறுத்திடட்டுமா?"

என் மனைவி விமலா அடுப்பைப் பார்க்கப் போகிறவளைப் போல உள்ளே போய்விட்டாள். குழந்தையின் வாயிலிருந்து சுட்ட வசம்பு வாசனை வந்தது. சீக்கிரம் பேச்சு வரட்டும் என்று நாக்கில் தடவியிருப்பாள். அந்த வாசனை போதும், என்னை இருபது வருஷம் பின்னால் விழுப்புரத்தில் கொண்டுபோய் நிறுத்த.

அப்போது நான் விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டில் கிளார்க். தொண்ணூற்று மூன்றில் கல்யாணம். விமலா கூடூர்ப் பக்கம், தெலுங்கு பேசுகிற கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் குவார்ட்டர்ஸ் தண்டவாளத்திலிருந்து நாலே எட்டு. எக்ஸ்பிரஸ் போனால் அலமாரியில் டம்ளர்கள் நகரும். மாதா படத்தை வாரத்துக்கு ஒருமுறை நேராக்கி மாட்டுவேன். அடுத்த வருஷம் அந்த வீட்டில்தான் ரீட்டா பிறந்தாள்.

விமலா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை கவிழ்ந்தால் போளி, வாசற்படி தாண்டினால் வடை, முதல் அடி வைத்தால் அதிரசம், முதல் வார்த்தை பேசினால் சர்க்கரைக் கிளி. பாகு காய்ச்சி மர அச்சில் ஊற்றி எடுக்கிற வெள்ளைக் கிளி. அதற்கான புது அச்சைச் சீர்ப் பாத்திரங்களோடு துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். நான் கிளார்க் இல்லையா, எனக்கு எதையும் பதிவேட்டில் ஏற்றினால்தான் தூக்கம் வரும். பழைய ரிஜிஸ்தர் ஒன்றில் கோடு போட்டு, கவிழ்ந்த தேதி, நேரம், அன்றைய பலகாரம் என்று வண்டி வரவைக் குறிப்பதுபோலக் குறித்தேன். பேச்சுக்கு மட்டும் இரண்டு பத்தி. ஒன்று தமிழ், ஒன்று தெலுங்கு. எது முந்துகிறது பார்ப்போம் என்று விமலாவிடம் பந்தயம் கட்டினேன். எவ்வளவு பெரிய புத்திசாலி நான்.

போளி வேளைக்கு வந்தது. வடை வந்தது. அதிரசமும் வந்தது, பதினோராம் மாதம். ஷெட்டில் எல்லோருக்கும் கொடுத்தேன். ஆறாம் மாதம் என்னென்னவோ சத்தம் போட்டுக் கொஞ்சியவள் பிறகு மெல்ல மெல்ல அடங்கிப்போனதை நாங்கள் கவனிக்கவில்லை. விமலா அவளை மடியில் போட்டுக்கொண்டு "நா பங்காரு, நா தல்லி" என்று தங்கமாய், தாயாய்க் கொஞ்சி நாள் முழுக்கப் பேசுவாள். தெலுங்கில் பேசும்போது விமலா வேறு பெண். கை ஆடும், கண் ஆடும், சிரிப்பு வந்துகொண்டே இருக்கும்.

ஒன்றரை வயதாயிற்று. இரண்டு பத்தியும் காலி. திண்டிவனத்திலிருந்து என் அக்கா வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பாஷைய போட்டு கொழப்பிக்கினு இருந்தா கொழந்த எதத்தான் புடிக்கும்?" என்றாள். காது கேட்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டாள். நான் சிரித்தேன். அந்த நேரம் பார்த்து வண்டி வந்தது. ரீட்டா விளையாட்டை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். எந்த வண்டிக்கும் அவள் திரும்பாமல் இருந்ததில்லை. "பாத்தியாக்கா" என்றேன், பெருமையாக.

அன்றைக்கே விமலாவிடம் சொன்னேன், இனிமேல் இந்த வீட்டில் தமிழ் மட்டும்தான் என்று. அவள் தலையாட்டினாள். அவளுடைய தமிழ் கடைக்கும் கோயிலுக்கும் போதுமானது. குழந்தையைக் கொஞ்சப் போதாது. "வா, சாப்பிடு, தூங்கு" என்பதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. வாய் தவறித் தெலுங்கு வந்தால் என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்துவாள். கொஞ்ச நாளில் பேசுவதே குறைந்துவிட்டது. அதை நான் ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தால் இன்றும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

ரீட்டாவுக்கு மூன்று வயது நெருங்கும்போது திண்டிவனத்துக்கு மாற்றல். அக்கா பார்த்துக் கொடுத்த வீடு ரயில் சத்தமே எட்டாத தெருவில் இருந்தது. ஒரு வாரம் போயிருக்கும். விமலா வந்து, "இங்க வந்ததுலேர்ந்து பாப்பா எதுக்கும் திரும்பலீங்க" என்றாள். மாதா கோயில் தேர்த் திருவிழாவில் வாங்கிய ஊதல் ஒன்று கிடந்தது. ரீட்டாவுக்குப் பின்னால் நின்று மூச்சு முட்ட ஊதினேன். பக்கத்து வீட்டில் தூங்கிய குழந்தை விழித்து அழுதது. ரீட்டா துணி மாட்டும் கிளிப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார். பிறவியிலேயே கேட்கவில்லை என்றார். அப்படியானால் ரயில் வந்தால் திரும்பினாளே என்று வக்கீல் மாதிரி வாதாடினேன். "வீடு லைனுக்குப் பக்கத்துலயா?" என்று கேட்டு, மெதுவாகச் சொன்னார்: "தரை அதிர்றத வச்சு திரும்பியிருக்கா, சார்." ரெண்டு பாஷைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொன்னார். ஒரு வயதிலேயே கொண்டுவந்து காது மிஷின் மாட்டியிருந்தால் கொஞ்சமாவது பேச்சு வந்திருக்கலாமாம். இப்போது மாட்டலாம், அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ரீட்டா என் மடியில் தூங்கினாள். பாதி வழியில் நான் விமலாவிடம், இனிமேல் நீ தெலுங்கிலேயே பேசு என்றேன். ஏதோ பெரிய மனசு பண்ணுகிறவன்போல.

"இனிமே பேசி யாருக்குங்க கேக்கப்போவுது?" என்றாள். அவள் அழவில்லை, ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

மிஷின் மாட்டினோம். வார்த்தை வரவில்லை. ஐந்து வயதில் ரீட்டாவை ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்தோம். அங்கே கைகளால் பேசக் கற்றுக்கொண்டாள். இப்போது சென்னையில் வேலை, மாதம் ஒருமுறை வருவாள். சிநேகிதிகளோடு வந்தால் விரல்கள் பறக்கும், கண் ஆடும், சிரித்துக்கொண்டே இருப்பாள். எங்களுக்கு அதில் இருபது சைகைதான் தெரியும். எங்களைப் பார்த்ததும் அவளும் "வா, சாப்பிடு, தூங்கு" அளவுக்குக் குறைத்துக்கொள்வாள்.

மாடிப் பெண்ணுக்கு என்னவோ பதில் சொல்லத்தான் வேண்டியிருந்தது. "உனக்குத் தெரிஞ்ச எல்லாத்துலயும் பேசும்மா. ஆனா மொதல்ல காத ஒருதரம் டெஸ்ட் பண்ணிடு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மேலே போனாள்.

விழுப்புரத்தில் அந்த குவார்ட்டர்ஸ் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். அதிர்ந்த தரையும் போயிற்று. ரிஜிஸ்தரை எப்போதோ நானே அடுப்பில் போட்டேன். அச்சு மட்டும் பரணில் இருந்தது. சாயங்காலம் விமலா அதை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு துளி பாகு படாத மரம், கிளியின் மூக்குகூட மழுங்கவில்லை. மாடிக் குழந்தைக்குக் கொடுத்துவிடலாம் என்றாள்.

எனக்கு என்னவோ அவள் வாயால் கேட்க வேண்டும்போல இருந்தது. இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டேன்.

"கிளி அச்சு" என்றாள்.

தெலுங்கில் கேட்கிறேன் என்றேன்.

அச்சைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, "மறந்துபோச்சுங்க" என்றாள்.