ஈசானிய மூலையில் தண்ணீர்

1997 ஜூன் 18, புதன்கிழமை, காலை மணி பதினொன்று இருபது. வானம் மூடிக்கிடந்தது, மழை இல்லை, நிழலில் முப்பத்தொன்பது டிகிரி. ரேணிகுண்டாவில் எங்கள் பட்டறை வாசலில் மெட்ராஸ் லாரி வந்து நின்றது. நாங்கள் அனுப்பியிருந்த நைலான் தகடுகள் இரண்டாயிரத்தையும் திருப்பி இறக்கியது. பெட்டி நாற்பது, பெட்டிக்கு ஐம்பது. எண்ணிப் பார்த்தேன், ஒன்றுகூடக் குறையவில்லை. திருப்பி அனுப்புவதில் அந்தக் கார் பாகக் கம்பெனிக்கு இருந்த நேர்மை வேறெதிலும் இருந்ததில்லை.

இது இரண்டாவது முறை. மூன்றாவது முறையும் வளைந்து வந்தால் தகடு வார்க்கக் கொடுத்திருந்த தங்கள் அச்சைத் தூக்கிக்கொண்டு போய் ஓசூரில் கொடுத்துவிடுவதாகக் கடிதம் வைத்திருந்தார்கள். பத்து நாள் கெடு. எங்களிடம் இருந்தது நைலானை உருக்கி அச்சில் அடிக்கிற ஒரு மெஷின், ஒரு ஆர்டர். நான் அரசு ஆலையில் இருபத்தாறு வருடம் உழைத்து, விருப்ப ஓய்வில் வாங்கிய பணம் முழுவதும் அந்த மெஷினில் இருந்தது.

வெளிநாட்டுக் கார் வரப்போகிறது என்றதும் ஆளாளுக்குத் தொழிலதிபர் ஆன காலம். என் கூட்டாளி என் மனைவியின் தம்பி. சித்தூர் மாம்பழக் கூழ் ஆலைகளுக்குப் பழம் பிடித்துக் கொடுத்துச் சம்பாதித்தவன். பழத்தை முகர்ந்து விலை சொல்கிறவனுக்கு நைலானும் ஒரு பழம்தான்.

தகடு உள்ளங்கை அகலம். காரின் டாஷ்போர்டுக்குள் யார் கண்ணிலும் படாத இடத்தில் உட்காரப் போவது. கண்ணாடி மேல் வைத்தால் நடுவில் 0.4 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. எங்களுடையதில் 1.6 இருந்தது. முதல் தடவை திரும்பி வந்தபோது கம்பெனியிலிருந்து டை கட்டிய என்ஜினியர் ஒருவர் வந்தார். தகட்டைக் கையில் எடுக்காமலே, "ஈரம் சார், நைலான் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும்" என்றார். குடிக்கும்தான். குடித்தால் தகட்டின் மேல் வெள்ளிக் கோடு விழும். எங்கள் தகட்டில் ஒரு கோடு கிடையாது. ஆனாலும் அவர் சொன்னபடி நைலான் குருணையை ஆறு மணி நேரம் உலர்த்தி அடித்தோம். இரண்டாவது லோடு, நன்றாக உலர்ந்த வளைந்த தகடுகளாகப் போய்த் திரும்பியது.

அன்று மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து இரண்டாயிரத்தையும் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன். தேறியவை பதின்மூன்று. மற்ற ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. ஈரத்துக்குப் பக்கம் தெரியாது. இது வேறு எதுவோ என்று அப்போதுதான் உறைத்தது.

தகட்டின் பிசிறு வெட்டுகிற அம்மாள் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மொத நாளே சொன்னேனே சார். மெஷின்லேந்து வர்ற தகட்ட துணியில்லாம எடுத்தா ஒரு பக்கம் கையச் சுடுது, இன்னொரு பக்கம் சும்மா கீது."

"எப்ப சொன்னே?"

"நீங்க எண்ணிக்கினு இருந்தீங்க. எண்ணிக்க தப்பிடும், போய் வேலயப் பாருன்னீங்க."

சொல்லியிருப்பேன். நான் பௌதிகம் படித்த பி.எஸ்சி.

வெப்பமானியை அச்சில் வைத்துப் பார்த்தேன். அச்சு இரண்டு பாதியாக மூடித் திறப்பது; நிற்கிற பாதி நாற்பத்தெட்டு டிகிரி, நகர்கிற பாதி எழுபத்தொன்பது. சூடான பக்கம் மெதுவாக ஆறும், அதிகம் சுருங்கும், தகட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பள்ளிக்கூடப் பாடம்.

அச்சைக் குளிர்விக்கிற தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அது எழுபத்திரண்டு தப்படி தள்ளி, வடகிழக்கு மூலைத் தொட்டியில் போய் முடிந்தது. ஏப்ரல் வரை அந்தத் தொட்டி மெஷினை ஒட்டித் தென்கிழக்கில் இருந்தது. மச்சான் திருப்பதியிலிருந்து ஒரு வாஸ்து ஆளைக் கூட்டி வந்தான். அவர் தொட்டியைப் பார்த்து, "ஆக்னேயம்லோ நீள்ளா? நிப்பு ஆரிபோதுந்தி" என்று தெலுங்கில் பதறினார். அக்கினி மூலையில் தண்ணீர் வைத்தால் நெருப்பு அவிந்துவிடுமாம். ஆயிரத்து நூற்றுப் பதினாறு ரூபாய் தட்சணை. வீட்டில் சண்டை வேண்டாம் என்று நானும் தலையாட்டினேன். தூரம் கூடியதும் தண்ணீர் வேகம் குறைந்தது. பிளம்பர் மகா புத்திசாலி. இரண்டு பாதிக்கும் தனித்தனியாக இருந்த குழாயை ஒன்றாக்கி, முதல் பாதியில் சூடேறி வெளியே வரும் தண்ணீரையே இரண்டாவது பாதிக்குள் விட்டிருந்தான்.

சாயங்காலம் மச்சான் வந்தான். தொட்டியைப் பழைய இடத்துக்கே கொண்டு வர வேண்டும் என்றேன்.

"அத மட்டும் சொல்லாதீங்க மாமா. தொட்டி மாத்தினதாலதான் ஆர்டரே வந்துச்சு."

"ஆர்டர் மார்ச்ல வந்தது. தொட்டிய ஏப்ரல்ல மாத்தினோம்."

"மாத்தணும்னு நான் நெனச்சது மார்ச்லதானே."

இதற்கு மேல் பேச எனக்குப் படிப்பு போதவில்லை. இருநூறு லிட்டர் டிரம் இரண்டை மெஷின் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அதற்கும் வாஸ்து ஆள் வந்து பார்க்க வேண்டுமாம். வந்தார். டிரம்மை இரண்டு முறை சுற்றினார். தொட்டி தரையோடு கட்டியது, டிரம் நகர்கிற சாமான், அதற்கு மூலை கிடையாது என்று தீர்ப்புச் சொன்னார். மறுபடியும் ஆயிரத்து நூற்றுப் பதினாறு. ஈசானியத் தொட்டி யாருக்கும் பயனில்லாமல் நிறைந்து நின்றது, அதில் கொசு வளர்ந்தது.

டிரம்முக்கு ஒரு பம்பு, ஒவ்வொரு பாதிக்கும் தனிக் குழாய். இரண்டு பாதிக்கும் வித்தியாசம் மூன்று டிகிரிக்கு இறங்கியது. மூன்றாவது லோடில் ஒவ்வொரு தகட்டையும் நானே கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன், எதிலும் 0.3க்கு மேல் இல்லை. கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாக அனுப்பினோம். லாரி திரும்பி வரவில்லை.

மச்சான் சித்தூர் முழுக்க ஈசானியத் தண்ணீரின் மகிமையைச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்த வாஸ்து ஆளுக்கு அவனால் இன்னும் நான்கு பட்டறைகள் கிடைத்தன. பிசிறு வெட்டுகிற அம்மாளுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை, நான் உட்பட. செலவைப் பாதிப் பாதியாகப் பிரிப்போம் என்று நான் சொன்னபோது மச்சான், "நைலான் உங்க டிபார்ட்மென்ட் மாமா" என்றான்.

வீணான நைலான், தொட்டி மாற்றிய கூலி, டிரம், பம்பு, குழாய், தட்சணை இரண்டு தடவை. எனக்கு ஆனது முப்பத்து நான்காயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு ரூபாய்.