பொட்டு வைத்த செருப்பு

எங்கள் வீட்டுக்கு டைல்ஸ் போட்ட வருஷத்தில்தான் அம்மாவுக்குக் குதிகால் வலியும் வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று இப்போது நினைவில்லை. ஆனால் டைல்ஸ் வந்த அன்றே அம்மா போட்ட சட்டம் நன்றாக நினைவிருக்கிறது. வீட்டுக்குள் செருப்புக் காலோடு யாரும் வரக் கூடாது. அது முன்பும் இருந்த வழக்கம்தான், எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். டைல்ஸுக்குப் பிறகு அது சட்டமாகிவிட்டது. கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரைக்கூட, "அண்ணாத்தே, செருப்ப அங்கயே உட்டுட்டு வா" என்று அம்மா நிறுத்தினாள். மீட்டர் இருந்ததே வாசலில்தான்.

அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினார். அம்மா முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடுதான் இருந்தார். கல்யாணம் ஆகாதவர். எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பார்; பாதி யோசனைகள் வேலைக்கு ஆகாது என்பது வேறு விஷயம். நான் அப்போது நாலாம் வகுப்பு.

வலி காலையில்தான் படுத்தியது. பாயிலிருந்து எழுந்து முதல் அடி வைத்ததும் அம்மா பல்லைக் கடித்துக்கொள்வாள். சுவரைப் பிடித்தபடி, குதிகால் தரையில் படாமல், நுனிக்காலில் சமையல்கட்டுக்குப் போவாள். அவள் விளையாட்டுக்கு அப்படி நடப்பதாக நினைத்து முதல் நாள் நானும் பின்னாலேயே நுனிக்காலில் போனேன். கொஞ்சம் நடமாடினால் வலி விட்டுக்கொடுக்கும். மெஷினில் ஒரு ஜாக்கெட்டை முடித்துவிட்டு எழுந்தால் திரும்பவும் பிடித்துக்கொள்ளும்.

எதிர்வீட்டு அக்கா செங்கல் வைத்தியம் சொன்னாள். செங்கல்லைச் சூடு பண்ணி, அதன் மேல் எருக்க இலையைப் போட்டு, குதிகாலை வைத்து எடுக்க வேண்டும். இலை பறிக்க ஏரிக்கரைக்குப் போவது என் வேலை. அந்த நேரத்துக்கு இதமாக இருந்தது, அவ்வளவுதான். மறுநாள் காலையில் மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் மாமா அவளை வண்டியில் உட்கார வைத்து அம்பத்தூரில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப் போனார்.

திரும்பி வந்ததும், தானே டாக்டருக்குப் படித்தவர் மாதிரி மாமா எங்கள் எல்லாரையும் உட்காரவைத்து விளக்கினார். குதிகாலுக்கு அடியில் ஓடும் தசைநார் புண்ணாகிப் போயிருக்கிறது. எழுந்திருக்கும் முன்பே ஒரு துண்டை முன்பாதத்தில் மாட்டி, முட்டியை மடக்காமல் தன் பக்கம் இழுக்க வேண்டும். சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, கெண்டைக்காலை இழுத்துவிட வேண்டும். பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, துணி சுற்றிப் பாதத்துக்கு அடியில் உருட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கெட்டித் தரையில் வெறுங்காலோடு நிற்கவே கூடாது. வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போட்டுக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் கேட்காவிட்டால் ஊசி.

மற்றதெல்லாம் அம்மா ஒழுங்காகச் செய்தாள். பாட்டில் உருட்டுவதில் அவளுக்கு ஒரு சந்தோஷமே வந்துவிட்டது. செருப்பு மட்டும்தான் முடியாது என்றாள். மாமா பூந்தமல்லியில் தேடி, அமுக்கினால் உள்ளே போய்த் திரும்பி வருகிற தடித்த அடியோடு ஒரு ஜோடி வாங்கி வந்தார். அம்மா அதை டப்பாவிலிருந்து எடுக்கவே இல்லை.

"அடுப்பாண்டயே சாமி மாடம் கீது. செருப்பு போட்டுகினு எப்பட்றா சோறு வடிப்பேன்?"

"டாக்டரே சொல்லிகீறாங்கக்கா."

"டாக்டரா வந்து பதில் சொல்லும்? துணி குடுக்க நாலு பொம்பளைங்க வர்ற ஊடு. என் வாயால அவங்களை வெளிய உட்டுட்டு வரச் சொல்லிட்டு, நான் உள்ள போட்டுகினு நின்னா இன்னா பேசுவாங்க?"

மாமா டப்பாவை மெஷினுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

தீபாவளித் துணிகள் குவியத் தொடங்கியிருந்த நேரம் அது. வருஷத்தில் அம்மாவுக்கு மெஷின் ஓயாமல் ஓடும் காலமே அதுதான். கால் வலித்தாலும் தைத்தாள். தைத்தால் வலித்தது. ஒரு நாள் சாயங்காலம், பின் தெருக்காரம்மா ஒருத்தி கொடுத்திருந்த பட்டுத் துணியை வெட்டாமல் அப்படியே மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தாள். "முடியலக்கா, வேற எங்கனா குடுத்துக்க" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் போன பிறகு, அம்மா மெஷின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு உட்கார்ந்திருந்தாள். வாங்கிய துணியை அம்மா திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்தது. இனிமேல் அம்மா தைக்கவே மாட்டாளோ என்று பயந்துபோய், அவள் கேட்காமலே ஓடிப்போய் ஐஸ் பாட்டிலைக் கொண்டுவந்து காலடியில் வைத்தேன்.

அடுத்து ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் தீபாவளிக்குச் சமமான பண்டிகை அது. எஸ்டேட் முழுக்க மெஷின்களுக்கு மாலை போட்டு, பொரி கடலை கொடுத்து அமர்க்களப்படும். வீட்டிலும் அம்மா கத்தரிக்கோல், இஞ்ச் டேப், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் துடைத்து வைப்பாள். அன்று காலை நான் பல் துலக்கக் குழாயடிக்குப் போனபோது, அம்மா அந்தப் புதுச் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்குமா கழுவுற? புச்சு தானே?"

"தூசி கீதுடி. போய் மூஞ்சி கழுவு."

கழுவியதைத் துணியால் ஒற்றி எடுத்து, மாமா பூஜைக்காகப் போட்டு வைத்திருந்த பலகைக்குப் பக்கத்தில் காயவைத்துவிட்டு, குளிக்கப் போய்விட்டாள்.

சாமான்களை அடுக்க வந்த மாமா செருப்பைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு யோசனை உதிப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன் என்றால் அது அன்றுதான். விறுவிறுவென்று அதை எடுத்து, கத்தரிக்கோலுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் நடுவில் வைத்து, ஒவ்வொன்றாக இரண்டு செருப்புக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்துவிட்டார். அப்பா உள்ளே வந்து பார்த்துத் திகைத்துப் போனார்.

"டேய், இன்னாடா இது? செருப்புக்கா பொட்டு?"

"உன் ஆட்டோ டயருக்கு வெக்கல மச்சான்? அது எதெதுல உருண்டுட்டு வருதோ. இது இன்னும் தெருவையே பாக்கல. இது செருப்பில்ல, அக்கா காலுக்கு டூல்சு."

குளித்துவிட்டு வந்த அம்மா, "சாமி கோச்சிக்கப் போவுதுடா" என்றாள். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை. கற்பூரத்தை மெஷினுக்குக் காட்டி, கத்தரிக்கோலுக்குக் காட்டி, செருப்புக்கும் ஒரு சுற்றுக் காட்டினாள். அப்பா வாசலில் ஆட்டோவுக்குப் பூசணிக்காய் உடைத்தார். அன்று முழுக்க எதையும் தொடவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும்.

மறுநாள் காலை மாமா பட்டறைக்குக்கூடக் கிளம்பாமல் காத்திருந்தார். "பூஜை ஆயிடுச்சு. இனிமே அது பொருளு. எடுத்துப் போடுக்கா."

அம்மா செருப்பையே பார்த்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள். "பொட்டு வெச்சதை எப்பட்றா மிதிக்கிறது?"

நேற்றுவரை அது செருப்பு என்பதால் போட முடியாது. இன்றைக்கு அது சாமிப் பொருள் என்பதால் போட முடியாது. ஏற்கெனவே சிக்கலாக இருந்த விஷயத்தைத் தானே இன்னும் சிக்கலாக்கிவிட்டோம் என்று மாமா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்பா சிரிப்பை அடக்க வெளியே போனார்.

அம்மா மெஷினுக்குப் போனாள். வருஷா வருஷம் செய்கிற மாதிரி, குனிந்து, மெஷினின் கால்மிதியை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதில் வைத்த குங்குமம் இன்னும் அழியவில்லை. பிறகு அதன் மேல் காலை வைத்து மிதித்தாள்.

மாமா துள்ளி எழுந்தார். "யக்கா! அதை மட்டும் இன்னா, தலையில வெச்சுகினா தைக்கிற?"

அம்மா சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. எழுந்து வந்து செருப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, காலில் மாட்டி, சமையல்கட்டு வரைக்கும் நடந்தாள். குதிகாலை ஊன்றி நடந்தாள். டைல்ஸில் அந்தச் சத்தம் புதிதாக இருந்தது. மாமா பட்டறையில் போனஸ் கொடுத்துவிட்ட மாதிரி விசிலடித்தார்.

எனக்குச் சூத்திரம் பிடிபட்டுவிட்டது. அன்று மத்தியானம் என் ரப்பர் செருப்புக்கும் பொட்டு வைத்து, கும்பிட்டு, போட்டுக்கொண்டு கூடத்துக்குள் நடந்தேன். முதுகில் ஒன்று விழுந்தது. "அதுவும் இதுவும் ஒண்ணாடி?" என்றாள் அம்மா. இரண்டிலும் ஒரே டப்பாக் குங்குமம்தான். இந்த அநியாயம் எனக்கு ரொம்ப நாள் ஆறவில்லை.

வலி ஒரே நாளில் போய்விடவில்லை. துண்டு, சுவர், பாட்டில், செருப்பு என்று அம்மா விடாமல் செய்தாள். தீபாவளித் துணிகளை முக்கி முனகி முடித்துக் கொடுத்தாள். பட்டுத் துணியும் திரும்பி வந்தது. பொங்கலுக்குக் கோலம் போட, சுவரைப் பிடிக்காமல் எழுந்து போனாள். ஊசி போட வேண்டியிருக்கவில்லை. வந்த பெண்களில் யாராவது அவள் காலைப் பார்த்து, "இன்னாக்கா, ஊட்டுக்குள்ள?" என்று இழுத்தால், பதில் தயாராக இருந்தது. "என் தம்பி பூஜையில வெச்சுக் குடுத்தான். போடலன்னா அவன் மனசு கஷ்டப்படும்."

மாமாவுக்கு இப்போது கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள். பருத்திப்பட்டில் வீடு. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் வந்து, பொரியை வாயில் போட்டுக்கொண்டு, அக்காவைத் தான் ஏமாற்றி நடக்கவைத்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வார். அம்மா மறுத்ததே இல்லை. "ஆமா, என் தம்பி மூளையே மூளை" என்பாள்.

போன வருஷம் அவர் அந்தக் கதையைத் தொடங்கியதும் நான் சமையல்கட்டுக்குப் போனேன். அம்மா மூன்றாவதோ நாலாவதோ ஜோடி வீட்டுச் செருப்பில் நின்று சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு அந்தப் புச்சு செருப்ப ஏம்மா கழுவின?" என்று கேட்டேன்.

"தூசி கீதுன்னு அன்னிக்கே சொன்னேனே" என்றாள், கடுகிலிருந்து கண்ணை எடுக்காமல். வாய் மட்டும் லேசாகச் சிரித்தது.

டப்பாவை விட்டு வெளியே வராத செருப்பில் ஏது தூசி, அதை மாமாவின் பூஜைப் பலகைக்குப் பக்கத்திலேயே ஏன் காயவைத்தாய் என்று கேட்க, நாலாம் வகுப்பில் எனக்குத் தெரியவில்லை.