முத்தி செய்த பக்கம்

ஐந்நூறு ஆண்டுப் பழைமையான செபப் புத்தகங்களோடு வேலை செய்பவருக்குப் புழுவும் பூஞ்சணமும் பெரிய பகை இல்லை; அவற்றின் உடைமையாளர்களே சோதனை. பொதுமக்களுக்கு முன்னால் மேசை போட்டு அமர்ந்து சம்பளம் வாங்கிய எவருக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை. எண்பதுகளில், யாழ்ப்பாணத்தில் இலத்தீன் கற்பித்த தகுதியால், நியூசிலாந்தின் ஓக்லாந்து நகர நூலகமொன்றின் அரிய நூல் அறையில் எனக்கு அந்த இருக்கை கிடைத்தது. கையால் எழுதிப் பொன்னும் நீலமும் தீட்டிய நூல்களுக்கு விவரக்குறிப்பு எழுதுவது என் பணி.

பவுன்

முதல் மாதத்திலேயே பாபடோயிட்டோய் புறநகரிலிருந்து நம்மவர் ஒருவர், பொறியியலாளர், குடும்பத்தோடு வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்திருந்த பக்கத்தை நெடுநேரம் குனிந்து பார்த்தார். ஒரு செபத்தின் முதலெழுத்தைத் தீட்ட எத்தனை நாள் சென்றிருக்கும் என்று நான் சொல்லத் தொடங்கினேன். முழுவதையும் பணிவாகக் கேட்டுவிட்டு, "அன்ரி, இதைச் சுரண்டினா எத்தனை பவுன் தேறும்?" என்றார்.

மூன்று படங்கள்

மாசி என்ற இன்னொரு புறநகரிலிருந்து ஒரு வெள்ளைக்கார விதவை, பாத்திரம் துடைக்கும் துணியில் சுற்றி ஒரு நூலைக் கொண்டுவந்தார். கணவரின் பாட்டி அயர்லாந்திலிருந்து எடுத்துவந்ததாம். உள்ளங்கை அளவு, கன்றுத் தோல் ஏடுகள், முழுப்பக்கப் படங்கள் மூன்று. அவருக்குப் பிள்ளைகளும் மூவர். படங்களை வெட்டி ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடலாம் என்றார். எங்களிடம் கூரிய கத்தி இருக்குமே என்றும் கேட்டார்.

நூல் அவருடையது; தடுக்க எனக்கு அதிகாரமில்லை. விவரக்குறிப்பு எழுதும்வரை நூலை எங்களிடம் விட்டுவைக்க மட்டும் சம்மதித்தார். படங்களின் பின்புறத்தில் செபம் தொடர்கிறது, வெட்டினால் ஒரு பிள்ளைக்கு வேண்டுதலும் இன்னொன்றுக்கு 'ஆமென்' என்ற முடிவும் போய்ச் சேரும் என்று எச்சரித்தேன். "அவர்கள் யாரும் செபிக்கிறவர்கள் இல்லை, டியர். சுவரில் மாட்டத்தான்."

ஈரம்

மாதாவின் படத்தில் முகம் மட்டும் அழிந்து சாம்பல் நிறத் திட்டாக இருந்தது. "ஈரத்தால் சேதம்" என்று குறித்து, விதவைக்குக் குறிப்பின் பிரதி ஒன்றை அனுப்பினேன். உடனே தொலைபேசியில் அழைத்தார். யாருக்கு எது என்ற சிக்கல் தீர்ந்துவிட்டதாம்: நல்ல படங்கள் இரண்டும் சிட்னியில் இருக்கும் மகன்மாருக்கு, வியாழக்கிழமை வந்து நூலை எடுத்துப்போவாராம். மகளைப் பற்றி விசாரித்தேன். அவரோடு ஒரே வீட்டில் இருந்து, அவரைக் குளிப்பாட்டி, எங்களிடமும் காரில் அழைத்துவந்தவள் அவள்தான். "அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். சேதமானது அவளுக்கு."

பிலோமினா

எங்கள் தளத்தைச் சுத்தம் செய்யும் மன்னார்ப் பெண் பிலோமினா, மேசையில் அந்தப் படத்தைக் கண்டு, தூசித் துணியை வைத்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டாள். குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள், சொன்னேன். ஈரம் முகத்தை மட்டும் தேடிப் பிடிக்குமோ என்றாள். நான் மூன்று தலைமுறையாகச் சீர்திருத்த சபை. எங்கள் கோவிலில் சிலுவையைக்கூட யாரும் உதட்டால் தொட்டதில்லை. பிலோமினாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இது முத்தி செய்த இடம், ரீச்சர். நாங்கள் பெரிய வெள்ளியில சிலுவையைக் கொஞ்சிற மாதிரி. உங்கட ஆக்கள் கொஞ்சிறேல்லை, அதுதான் உங்களுக்கு ஈரமாத் தெரியுது!"

வியாழக்கிழமை

பிறர் பிழையைத் திருத்தியே பழகிய கையால் என் பிழையை வெட்டினேன். "தலைமுறை தலைமுறையாக முத்தமிட்டதால் முகம் தேய்ந்துள்ளது, நூலின் மிக அரிய பக்கம் இதுவே" என்று எழுதி, இம்முறை பிரதியை மகளின் பெயருக்கு அனுப்பினேன். அவள் நேர்மையானவள், அண்ணன்மாருக்கும் அதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

வியாழனன்று விதவை கோபமாக வந்தார். மகள் அவருக்குப் பின்னால் நின்றாள். அன்று அவள் தலை குனியவில்லை. விதவை நன்கொடைப் படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டு, என் பக்கம் தள்ளினார். "இப்போது மூன்று பேருக்கும் அந்த முகமில்லாதவள்தான் வேண்டுமாம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், டியர்!"

என் இலத்தீனாலும் நூலகத்தின் விதிகளாலும் காக்க முடியாத ஒரு நூல், மூன்று உடன்பிறப்புகளின் பொறாமையால் முழுதாய்த் தப்பியது என்பதை எழுத, எங்கள் வருடாந்த அறிக்கையில் இடம் எதுவும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.