வெள்ளைச் சாறிக்கு ஜீன்ஸ் ஊசி

ஜீன்ஸின் மடிப்பில் ஊசி இறங்கும்போது எங்கள் வீட்டுத் தையல் மெஷின் சளி பிடித்த ஆளைப் போல இருமும். மோட்டாரிலிருந்து கருகிய எண்ணெய் மணம் வரும். ஜெர்மனியின் பான் நகரில் ஒரு மூன்றாம் மாடி வீட்டின் குசினி மேசையில் அது நின்றது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, எனக்குப் பன்னிரண்டு வயது.

அம்மா யாழ்ப்பாணத்தில் பருத்தித் துணி மட்டும் தைத்துப் பழகியவர். அங்கே முறிந்தால்தான் ஊசி மாற்றுவார்கள். இங்கே அப்பாவின் வேலைக் காற்சட்டை ஒருநாள், தெரிந்த அக்காமாரின் சாறி பிளவுஸ் மறுநாள் என்று எல்லாத் துணியும் அந்த மெஷினுக்குள் போனதால், ஏழெட்டு ஊசிகளை முறித்த பிறகுதான் ஒரு ஒழுங்கு கண்டுபிடித்தார். தடித்த துணிக்கு நூறாம் நம்பர் ஊசி, நூல் இறுக்கும் 'சில்லு' ஆறில், நீளத் தையல். மெல்லிய துணிக்கு எழுபதாம் ஊசி, சில்லு மூன்றில், குறுந்தையல். "சில்லைத் தொட்டால் கை முறிப்பன்" என்பது வீட்டுச் சட்டம்.

அந்தச் சித்திரையில் தங்கச்சிக்கு 'முதல்நன்மை', கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதற்கு அம்மா தன் கலியாணச் சாறியை வெட்டி, கவுன்போல ஒரு வெள்ளைச் சட்டை தைக்க முடிவெடுத்தார். எங்கள் கத்தோலிக்கப் பெண்கள் வெள்ளைச் சாறியோடுதான் கோயிலில் கலியாணம் முடிப்பார்கள்; ஊரைவிட்டு ஓடி வந்தபோது அம்மா கொண்டுவந்த ஒரே நல்ல துணி அந்தப் பட்டுச் சாறி.

எனக்கு ஆத்திரம். என் முதல்நன்மை நாங்கள் அகதிகள் விடுதியான 'ஹைமில்' இருந்தபோது நடந்தது. பங்குக் கோயிலில் இரவல் தந்த, கக்கத்தில் மஞ்சளித்த சட்டைதான் எனக்கு.

தைப்பதற்கு முதல்நாள், அம்மா வேலைக்குப் போயிருந்த நேரம், என் ஜீன்ஸின் காலை ஒடுக்கித் தைத்தேன். மெல்லிய ஊசி முறிந்தது. நூறாம் ஊசியைப் போட்டு, சில்லை ஆறுக்குத் திருகி, தைத்து முடித்தேன். திருப்பி மாற்ற மறந்துவிட்டேன் என்று பல வருடம் சொல்லித் திரிந்தேன். பொய். பெட்டியில் இன்னும் இரண்டு மெல்லிய ஊசிகள் இருந்தன. போட எனக்கு மனமில்லை.

மறுநாள் அப்பா தேத்தண்ணியோடு இருந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவளின்ரை காற்சட்டையைப் பாரும். காலையும் உள்ளுக்கை வைச்சுத் தைச்சுப்போட்டாளோ?"

அம்மா நிமிரவில்லை. வெள்ளைத் துணியை மெஷினில் வைத்து, கீழே பெடலை மிதித்தார். ஒரு சாண் தூரத்துக்குள் அது கோழித்தோல் போலச் சுருங்கியது. பட்டில் தடித்த ஊசி போட்ட ஓட்டை, தையலைப் பிரித்தாலும் மூடாது. அது எனக்குத் தெரியும்.

"நிப்பாட்டுங்கோ அம்மா. நான்தான் ஊசி மாத்தினது. வேணுமெண்டுதான் விட்டனான்."

பக்கத்தில் நின்ற தங்கச்சி அழத் தொடங்கினாள். அம்மா துணியைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஏனடி ரெண்டு பேரும் செத்தவீடு மாதிரி நிக்கிறியள்? இது இடுப்பிலை செருகிற பக்கத்துக் கழிவுத்துண்டு. என்ரை கலியாணச் சாறியை ஒருக்காத் தைச்சுப் பாராமல் மெசினுக்குள்ளை குடுக்க எனக்கென்ன விசரே?"

சட்டைக்கு வெட்டிய துண்டுகள் மேசையின் மறுபக்கத்தில், துவாய்க்குக் கீழே, அப்படியே கிடந்தன. நான் நிலத்தில் குந்திவிட்டேன். பிற்காலத்தில் எங்களுக்கு வதிவிட அனுமதி கிடைத்த நாளில்கூட எனக்கு அவ்வளவு நிம்மதி வரவில்லை.

அம்மா அடிக்கவில்லை. "உனக்கு அந்த இரவல் சட்டையைப் போட்டது எனக்கும் பிடிக்கேல்லை. அப்ப ஏலாமல் போச்சு" என்றார். பிறகு, "மெல்லிய ஊசியை எடு" என்றார். நான் ஊசியை மாற்றினேன். சில்லை மூன்றுக்குத் திருப்பினேன்.

இப்போது என் மெஷினில் துணியின் வகையைத் தெரிவுசெய்தால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். ஊசியை மட்டும் நான் மாற்ற வேண்டும். நாங்கள் வீடு மாறியபோது அம்மாவின் மெஷின் தெருவோரக் கழிவோடு போய்விட்டது. தங்கச்சிக்குப் பிறகு அந்தச் சட்டையை நகரிலிருந்த தமிழ்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் போட்டார்கள். கடைசியில் யார் வீட்டுக்குப் போனதென்று ஒருவருக்கும் தெரியாது. சாறியும் இல்லை, சட்டையும் இல்லை. என் கோபம்கூட முழுதாகப் போகவில்லை. ஆனால் அந்தப் பட்டு, பிள்ளைகள் உடுத்து உடுத்துத்தான் முடிந்தது. என் கையால் அது நாசமாகவில்லை.