இடது காதில் ஒரு தறி

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்திய ஒரு காலையில், பள்ளிபாளையத்தில் எங்கள் தெருவின் விசைத்தறிகள் எல்லாம் ஒரே நொடியில் நின்றன. எங்கள் பட்டறையின் பன்னிரண்டு தறிகளும் நின்றன. ஏதோ ஒன்று மட்டும் நிற்கவில்லை.

சீராக, விடாமல், ஓர் இரைச்சல். யாரோ ஜெனரேட்டர் வாங்கிவிட்டார்கள் என்று நினைத்து, பொறாமையோடு தெருமுனை வரை போய்ப் பார்த்தேன். திரும்பி வந்து ஒவ்வொரு தறியாகக் கை வைத்துப் பார்த்தேன். எங்களிடம் பல வருடங்களாகத் தறி ஓட்டும் ராசு என்னையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தத் தேடறீங்கண்ணா?"

"எந்தத் தறியோ இன்னும் ஓடுது ராசு."

"கரண்டே இல்லீங்களே. டீ குடிச்சுட்டா ஓடும்?"

சந்தேகத்துக்கு வலது காதை விரலால் அடைத்துப் பார்த்தேன். ராசு பேசிக்கொண்டே இருந்தார், குரல் மட்டும் காணாமல் போனது. இரைச்சல் அங்கேயே இருந்தது. இடது காதுக்குள் இருந்தது.

அன்றைக்கே நான் பயந்திருக்க வேண்டும். ஆனால் தறி ஓடும் ஊரில் காது மந்தமாவதை யாரும் நோயாக எண்ணுவதில்லை. தலை நரைப்பதுபோல அதுவும் ஒன்று. தறிக்காது என்று பெயர் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். பட்டறைக்குள் கத்தினாலும் கேட்காது என்பதால் எல்லோருமே உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்கிறவர்கள். சத்தமே வராமல் வாயை மட்டும் அசைத்து நாங்கள் சண்டைகூடப் போட்டிருக்கிறோம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு காது போனது எனக்கே தெரியாமல் போனதில் வியப்பில்லை.

தெரிந்த பிறகும் காரணம் கண்டுபிடித்தேன். என் மேசைக்கு இடப்பக்கம் தறிகள், ஆகவே இடது காது முதலில் போகும். நாலு புத்தகம் படித்தவன் சொன்னதால் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இடது காதில் வைத்தால் பேச்சு வருவதில்லை என்று இரண்டு கைப்பேசிகளை மாற்றினேன். ஆற்றுப்பாலத்தில் நடக்கும்போது கைப்பிடிச் சுவர் என்னை இழுத்தது. பகலிலேயே குடிக்கிறேன் என்று தெருவில் பேச்சு. குடிக்காதவனுக்கு அது ஒரு வகையில் பெருமையாகத்தான் இருந்தது.

ஒன்றரை வருடம் இப்படிப் போயிற்று. ஒருநாள் சவரம் செய்யும்போது கண்ணாடியில் இடது கன்னத்தில் ரத்தம் வழிந்தது. வெட்டியது தெரியவில்லை. கன்னத்தைக் கிள்ளினேன். வேறு யாருடைய கன்னமோபோல இருந்தது. அந்த நிமிடத்தில்தான் பயம் வந்தது. அதன்பின் அது போகவே இல்லை.

ஆற்றுக்கு அந்தப்பக்கம், ஈரோட்டில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் மனைவியோடு போனேன். இளம்பெண். செவித்திறன் அளவீட்டுப் படத்தை (எந்தச் சுருதியில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) முன்னால் வைத்துக்கொண்டு கேட்டார்.

"சார், தறிச்சத்தம் உங்க ஒரு காதுக்கு மட்டுந்தான் கேக்குமா?"

நான் மேசைக் கணக்கைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சத்தத்தால கெட்டா ரெண்டு காதும் கொஞ்ச வித்தியாசத்துல கெடும். உங்களுக்கு வலது காது தறிக்காது. இடது காது தறிக்காது இல்லைங்க. இன்னைக்கே ஸ்கேன் எடுத்துருங்க."

எம்.ஆர்.ஐ. கருவிக்குள் (காந்தப்புலத்தால் உடலின் உட்புறத்தைப் படமெடுப்பது) எல்லோரும் அதன் சத்தத்துக்குப் பயப்படுவார்களாம். எனக்கு அந்தச் சத்தம் ஒன்றுதான் ஆறுதலாக இருந்தது. டகடகவென்று அடித்தது. ஊடை நூலோடு தறியில் ஓடும் நாடா சரியாகப் போகவில்லை, எழுந்து பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது. எழக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

செவிநரம்புக் கட்டி (காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் உறையில் வளரும், புற்றல்லாத கட்டி) என்று வந்தது. மூன்று சென்டிமீட்டர். சேலத்தில் மூளை நரம்பு அறுவை மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள்.

அவர் முகக்கவசத்தோடு பேசத் தொடங்கினார். என் மனைவி தனம் குறுக்கிட்டாள்.

"அந்த மூடியக் கழட்டிட்டுச் சொல்லுங்க சாமி. வாயப் பாத்தாத்தான் எனக்கு வெளங்கும்."

தனம் குமாரபாளையத்துக்காரி. பிறந்த வீட்டிலும் தறி, வந்த வீட்டிலும் தறி. அவளுக்கு இரண்டு காதும் பெரும்பாலும் போய்விட்டன. காதுக்கருவி பட்டறைச் சத்தத்தையும் சேர்த்து உள்ளே கொட்டுகிறது என்று அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். இருபத்துநான்கு வருடமாக என் உதடுதான் அவளுக்கு என் குரல்.

மருத்துவர் கவசத்தைக் கழற்றினார். "புற்று இல்லீங்கம்மா. ஆனா இருக்கற இடம் சரியில்ல. மூளைத்தண்டை (மூச்சையும் இதயத்துடிப்பையும் நடத்தும் பகுதி) அமுக்குது. சின்னதா இருந்தா வருசா வருசம் படம் எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கலாம், இல்ல கதிர்வீச்சு கொடுக்கலாம். இது அந்த அளவைத் தாண்டிருச்சு. தறிக்காரங்க எல்லாருமே லேட்டாத்தான் வர்றீங்க. காது போறது உங்களுக்கு ஒரு சேதியே இல்ல."

"அறுத்தா வாய் கோணிக்குமுங்களா?"

நான் உயிரைப் பற்றிக் கேட்க நினைத்திருந்தேன். அவள் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"முகநரம்பு அந்தக் கட்டிமேல தாள் மாதிரி பரவி ஒட்டியிருக்கும். காதைத் திருப்பித் தர முடியாது. முகத்தைக் காப்பாத்தப் பாப்பேன். சத்தியம் பண்ண மாட்டேன்."

அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம் நிறையப் படித்தேன். இதைப் படிக்கும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள், அப்படிச் செய்யாதீர்கள். கட்டி ஒன்றுதான் இருந்தது. படித்தபின் அதைச் சுற்றி முப்பது ஆபத்துகள் குடியேறின. ஒருநாள் காப்பி குடிக்கும்போது, இடது வாய்க்கோடியை விரலால் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் தனத்திடம் ஒரு வாக்கியம் சொன்னேன்.

கூர்ந்து பார்த்தாள். மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"தெரியலீங்க," என்றாள். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாய் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அறுவை ஒன்பது மணி நேரம் நடந்தது. எனக்கு அது ஒரு கண்சிமிட்டல். விழித்தபோது அறை சுற்றியது, வாந்தி வந்தது. ஒரு செவிலியர் முகத்துக்கு நேராகக் குனிந்து, "சிரிங்க, கண்ண மூடுங்க," என்றார். இரண்டையும் செய்தேன். அவர் குறிப்பேட்டில் எழுதிய விதத்திலிருந்து, நான் செய்யவில்லை என்று தெரிந்தது.

பிறகு தனத்தை ஐந்து நிமிடம் விட்டார்கள். நான் ஏதோ சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நேராக உதட்டைப் பார்த்தாள். இரண்டு தடவை சொன்னேன்.

"தெரியலீங்க."

நான் வாழ்க்கையில் பயந்ததெல்லாம் அதற்கு முன்பு வெறும் ஒத்திகை.

மறுநாள் மருத்துவர் வந்தார். கட்டியில், நரம்பில் ஒட்டியிருந்த ஒரு மெல்லிய சீவலை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டதாகச் சொன்னார். அதையும் சுரண்டியிருந்தால் முகம் போயிருக்குமாம். "நரம்பு அறுபடல. அசந்து கெடக்குது."

"எப்பங்க எந்திரிக்கும்?" என்றாள் தனம்.

"அதுகிட்டதாம்மா கேக்கணும். ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருசமும் ஆகலாம்."

வீடு திரும்பினேன். மூடாத கண்ணுக்குப் பகலெல்லாம் சொட்டுமருந்து, தூங்கும்போது ஒட்டுப்பட்டை. குடிக்கும் தண்ணீரில் கால்வாசி சட்டைக்குப் போயிற்று. சுவரைப் பிடித்து நடந்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை, இப்போது என் தள்ளாட்டத்துக்கு மருத்துவச் சான்று இருந்தது. ஒரே காதில் கேட்பவனுக்குச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. யாராவது கூப்பிட்டால் ஒரு முழுச்சுற்றுச் சுற்றித்தான் ஆளைக் கண்டுபிடிப்பேன்.

கண்ணாடி முன் முகப்பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. தனத்துக்குப் போதவில்லை. காலையில் செய்தித்தாளைக் கொடுத்து என் வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

"சத்தமில்லாம படிங்க."

"எதுக்கு?"

"நரம்பு வந்தா வரட்டும். வராட்டி இந்த வாயை நான் கத்துக்கோணுமில்லீங்க."

படித்தேன். முதல் சில வாரம் ஒரு வரிகூட அவளுக்குப் பிடிபடவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது, தாளை வீசினேன். எடுத்து மடித்துக் கொடுத்தாள். ஒன்பதாம் வாரமோ என்னமோ, மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"தொண்ணூத்தாறு அடி," என்றாள்.

மேலும் ஏதோ படிப்பதுபோலத் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் மாதம் வாய்க்கோடி ஒரு நூலளவு நகர்ந்தது. எட்டாம் மாதம் கண் மூடிற்று. முழுவதும் வரவில்லை, இனி வராது என்கிறார்கள். உங்களுக்கு இதே கட்டி என்றால், எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும் என்று எண்ணாதீர்கள். ஒரு காதில் மட்டும் இரைச்சலோ மந்தமோ இருந்தால், ஊர் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாலும், படம் எடுத்துப் பாருங்கள். இதற்குமேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

விட்டுவைத்த சீவல் வளர்கிறதா என்று வருடம் ஒருமுறை படம் எடுக்கிறார்கள். முன்பு என் வருடம் தீபாவளிக்குத் தீபாவளி ஓடியது. இப்போது ஸ்கேனுக்கு ஸ்கேன் ஓடுகிறது. முதல் பத்து மாதம் ஓர் ஆளாகவும், கடைசி இரண்டு மாதம் வேறோர் ஆளாகவும் இருக்கிறேன். முகமும் அப்படித்தான். எதைச் சொன்னாலும், எதற்குச் சிரித்தாலும் வலப்பக்கம் உடனே செய்துவிடுகிறது. இடப்பக்கம் சற்றுப் பொறுத்து, தன் இஷ்டப்படி, கொஞ்சம் செய்கிறது.

நாளை மறுநாள் படம் எடுக்க வேண்டும். இன்று காலை செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுத் தனம் கேட்டாள்.

"பயமா இருக்குதுங்களா?"

இல்லை என்று சொல்லிச் சிரித்தேன். வலப்பக்கம் உடனே சிரித்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. இடப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.