கேமராவைத் தலைகீழாகப் பிடித்த ஜெயசீலி

பம்பாய் மாட்டுங்காவில் கிட்டுவின் ஸ்டுடியோவுக்கு வந்து போட்டோ எடுத்துக்கொண்டவர்களில் பலருக்கு, உள்ளறையில் ஒரு பெண் உட்கார்ந்து தங்கள் முகத்தைச் சரிசெய்கிறாள் என்பது தெரியாது. மார்க்கெட்டுப் பூக்கடைகளுக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது அந்த ஸ்டுடியோ. ஜன்னலை ஒட்டிய சாய்வு மேஜையில் நெகட்டிவை வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் பருவையும் அம்மைத் தழும்பையும் மறைப்பதுதான் ஜெயசீலியின் வேலை.

வடக்கன்குளத்தில் கன்னியாஸ்திரீகளிடம் லேஸ் பின்னப் பழகிய கை அது. கல்யாணமாகித் தாராவிக்கு வந்த பிறகு கிட்டுவின் வீட்டு ஜன்னல் திரைகளுக்கு அவள் லேஸ் பின்னிக் கொடுத்தாள். அதைப் பார்த்துத்தான் கிட்டு அவளை வேலைக்குக் கூப்பிட்டார். அவள் கணவன் சேசுராஜ் தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தான். அதிகம் பேசாதவன். "உக்காந்து பாக்குற வேலதான, போயிட்டு வா" என்றதோடு சரி. அவன் தாய் ஏஞ்சலம்மாள் அதிகம் பேசுகிறவள். பள்ளிக்குப் போகிற பேத்தியைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தாள். ஆனாலும், பகலிலேயே இருட்டாக்கி வைத்த அறை இருக்கிற இடத்தில் மருமகள் வேலை செய்வது அவளுக்கு அறவே பிடிக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் ஒரு நாள் ஹமீது என்ற இளைஞன் ஸ்டுடியோவுக்கு வந்தான். மேலப்பாளையத்துக்காரன். கப்பலில் வேலை கிடைத்திருந்தது. போனால் திரும்ப வர ஒன்றரை வருடம் ஆகும். கூடவே புர்கா அணிந்த மனைவி மைமூனும், அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தையும்.

"இவ படம் ஒண்ணு எனக்கு வேணும் சார். ஆனா இவ வேத்து ஆம்பள முன்னால மொகத்தக் காட்ட மாட்டா. நீங்க எடுக்க முடியாது" என்றான் ஹமீது.

"நான் எடுக்காம வேற யார் எடுக்கறதுப்பா?"

திறந்திருந்த கதவு வழியாக ஜெயசீலியைக் கண்ட மைமூன் கணவனின் காதில் ஏதோ சொன்னாள். அவன் உள்ளறைப் பக்கம் கையைக் காட்டினான். "அந்த அக்கா எடுக்கட்டுமே."

கிட்டு சிரித்துவிட்டார். பிறகு யோசித்தார். விளக்குகளை வைத்து, ஸ்டூலைச் சரியான இடத்தில் போட்டு, கேமராவைத் தயார் செய்துவிட்டு ஜெயசீலியைக் கூப்பிட்டார். "இத பார், அவா ரெண்டு பேரும் ஆடாம அசையாம உக்காரணும். நீ இந்தப் பித்தான அமுக்கினாப் போறும். வேற எதையும் தொடாதே" என்று சொல்லிவிட்டு, ஹமீதையும் அழைத்துக்கொண்டு வெளியே போனார்.

கதவு சாத்தியதும் மைமூன் முகத்திரையை நீக்கினாள். ஸ்டூலில் உட்கார்ந்து விளக்கை முறைத்துப் பார்த்தாள். முகம் கல்லாகிவிட்டது. குழந்தையோ வெளிச்சத்துக்குப் பயந்து வீறிட்டது. இரண்டு வருடமாக நெகட்டிவில் இப்படிப்பட்ட எத்தனையோ முகங்களை ஜெயசீலி பார்த்திருக்கிறாள். பயந்த முகத்தில் பென்சிலால் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

அவள் ஒரு விளக்கை அணைத்தாள். ஜன்னல் திரையைத் தள்ளிவிட்டாள். "அந்த ஸ்டூலு வேண்டாம் தாயி. தரையில உக்காருங்க. வீட்டுல புள்ளய எப்பிடி வச்சிருப்பியளோ அப்பிடியே வச்சுக்கிடுங்க" என்றாள். ஊரைப் பற்றிக் கேட்டாள். பிள்ளைக்கு எத்தனை பல் என்று கேட்டாள். பல்லை எண்ணிக் காட்ட மைமூன் விரலை நீட்டியபோது குழந்தை அதைக் கவ்விக் கடித்தது. அவள் "யா அல்லா!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். ஜெயசீலி பித்தானை அமுக்கினாள்.

கழுவுகிறவர் படத்தைப் பார்ப்பதை ஹமீது தடுக்கவில்லை. பிரிண்டைப் பார்த்ததும் கிட்டு தலையில் கைவைத்துக்கொண்டார். "அரே, பல்லெல்லாம் தெரியறதே! இத யாராவது போட்டோம்பாளா?" வேறொன்று எடுக்கலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஹமீது அந்தப் படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனான்.

"இவ வீட்டுல இப்பிடித்தான் சார் சிரிப்பா" என்றான். "இதுவே போதும்."

சேதி பரவி, அடுத்த வாரமே தாராவியிலிருந்து நான்கு பெண்கள் வந்து, 'அந்த அக்கா' எடுத்தால்தான் உட்காருவோம் என்றார்கள். கிட்டு வியாபாரி. யோசிக்காமல் ஜெயசீலிக்குப் பழைய ரெட்டை லென்ஸ் கேமரா ஒன்றைக் கொடுத்தார். கழுத்தில் மாட்டி வயிற்றருகே பிடித்துக்கொண்டு, மேலே இருக்கும் கண்ணாடியைக் குனிந்து பார்த்து எடுக்கிற கேமரா. அவள் கேள்வி மேல் கேள்வி கேட்டு அவரை வதைத்தாள். ஃபிலிமை வீணாக்கித் திட்டும் வாங்கினாள். ஆறு மாதத்தில் வடாலாவிலும் செம்பூரிலும் வளைகாப்பு, பூப்புச் சடங்கு, பெண் பார்க்கும் படம் என்று தனியாகவே போய் வரத் தொடங்கினாள்.

வீட்டில் புயல் கிளம்பியது அதன் பிறகுதான். கழுத்தில் கேமராவோடு மருமகள் ரயில் ஏறுவதைத் தெரு முழுக்கப் பார்த்தது. "ஊரான் வீட்டு விசேசத்துல போயி ஆம்பளையளுக்கு நடுவுல பொட்டியத் தூக்கிக்கிட்டு நிக்கணுமா? நம்ம குடும்பத்துல யாரு செஞ்சா இந்த வேல?" என்றாள் ஏஞ்சலம்மாள். மகன் மனைவியைக் கண்டிக்காததைப் பார்த்து அவளுக்கு மேலும் கோபம் வந்தது. மருமகளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சோற்றைப் போட்டு வைப்பாள். சாப்பிடு என்று சொல்லமாட்டாள். ஜெயசீலி ஒவ்வொரு ராத்திரியும் அந்த மௌனத்தின் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். வேலையை விட்டுவிடலாமா என்று இரண்டு முறை நினைத்தாள். காலையில் எழுந்ததும் கேமராவைத்தான் முதலில் துடைத்தாள்.

அறுபத்து நான்கு டிசம்பரில் பாப்பரசர் பம்பாய்க்கு வந்தார். தாராவிக் கிறிஸ்தவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, அவர் கார் போகும் சாலையோரம் மாஹிம் பக்கத்தில் மதியத்திலிருந்தே காத்திருந்தார்கள். ஏஞ்சலம்மாளும் போனாள். கூட்டத்தில் அவளைத் தனியே விட முடியாதென்று ஜெயசீலி பக்கத்திலேயே நின்றாள். கழுத்தில் கேமரா. பாப்பரசர் படம் கிடைத்தால் கடை ஜன்னலில் மாட்டலாம் என்று கிட்டு சொல்லி அனுப்பியிருந்தார்.

வெயில் தாழ்ந்தது. திடீரென்று தூரத்தில் கூச்சல். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். முன்னால் நின்றவர்களின் முதுகு சுவராகிவிட்டது. ஏஞ்சலம்மாள் குள்ளம். எம்பிப் பார்த்தாள். இரண்டு தோள்களுக்கு இடையில் தலையை நுழைக்கப் பார்த்தாள், பிடித்துத் தள்ளப்பட்டாள். "ஏசுவே, எனக்குத் தெரியலியே! ஒண்ணும் தெரியலியே!" என்று குழந்தைபோல அழ ஆரம்பித்தாள்.

வயிற்றருகே பிடித்திருந்த கேமராவில் ஜெயசீலிக்கும் முதுகுகள்தான் தெரிந்தன. கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கிட்டு எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி, தலைகீழாகத் திருப்பி, இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கினாள். இப்போது கண்ணாடி கீழ்நோக்கி இருந்தது. அண்ணாந்து பார்த்தாள். உள்ளங்கை அளவுச் சதுரத்துக்குள் சாலையும் கொடிகளும் போலீஸ்காரர்களும் பளிச்சென்று தெரிந்தார்கள்.

"அத்தை! இங்க வாங்க, என் கைக்குக் கீழ வாங்க! மேல பாருங்க, இந்தக் கண்ணாடியப் பாருங்க!"

கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்தாள். ஜெயசீலி கையைத் தாழ்த்தாமலே கேமராவை அவள் முகத்துக்கு நேர் மேலே நகர்த்தினாள். அப்படிச் செய்ததில் அவளுக்குக் கண்ணாடி தெரியாமல் போயிற்று. கார் வரும் சத்தம் மட்டும் கேட்டது.

"வாராரு... வாராரு! வெள்ள உடுப்பு... கையத் தூக்குதாரு! ஏ சீலி, என்னப் பாக்குதாருட்டி!" ஏஞ்சலம்மாள் கூட்டத்துக்கு நடுவே சிலுவை போட்டுக்கொண்டாள். ஜெயசீலி எதையும் பார்க்காமல், ஊகத்தில் பித்தானை அமுக்கினாள்.

கார் போய்விட்டது. கூட்டம் கலைந்தது. கிழவி இன்னும் வானத்தைப் பார்த்தபடியே, கன்னமெல்லாம் ஈரமாக, காதில் பாம்படம் ஆட ஆடச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜெயசீலி கேமராவை நேராகத் திருப்பி அந்த முகத்தை எடுத்தாள். ஃபிலிம் அத்தோடு தீர்ந்தது.

மறுநாள் கழுவிப் பார்த்தபோது, ஊகத்தில் எடுத்த படத்தில் ஒரு போலீஸ்காரரின் தொப்பியும் காரின் பின்பக்கமும்தான் விழுந்திருந்தன. "பாப்பரசர் எங்கேம்மா?" என்று கிட்டு கேட்டார். அடுத்த படத்தைப் பார்த்ததும் மேற்கொண்டு கேட்கவில்லை. அதைப் பெரிதாக்கிக் கடை ஜன்னலில் மாட்டிவிட்டார்.

தன் படம் மாட்டுங்காவில் தொங்குகிறது என்று கேள்விப்பட்டு ஏஞ்சலம்மாள் கோயிலுக்குப் போகிற சேலையை உடுத்திக்கொண்டு பார்க்க வந்தாள். பூ வாங்க வந்தவர்கள் நின்று அண்ணாந்து பார்ப்பதைத் தானும் நின்று பார்த்தாள். பாப்பரசர் படத்தில் விழவில்லை என்று ஜெயசீலி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"விழாட்டி போவுது. நான் கண்ணால பாத்தாச்சுல்லா?" என்றாள் கிழவி. கார் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதில் மட்டும் சாகும்வரை தெருவோடு அவளுக்குச் சண்டை இருந்தது. அந்தக் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும் என்று யார் சொல்லியும் அவள் ஏற்றுக்கொள்ளவில்லை.

படத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு சோற்றைப் போட்டுவிட்டு, "சாப்பிடுட்டி, ஆறிப்போவுது" என்றாள். ஜெயசீலி இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அதன் பிறகு விசேஷங்களுக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். ஃப்ளாஷ் பல்புப் பையை மாமியார் தூக்கிக்கொண்டாள். பெரியவள் ஒருத்தி கூடவே நின்றதால் தெருவின் வாயும் அடைத்தது. தாராவியில் பேராச்சி என்ற பெண்ணின் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் மாமன் இசக்கிப்பாண்டி பந்தல் வாசலில் வழிமறித்தான்.

"ஏன், படம் புடிக்க ஆம்பளையே கெடைக்கலியா? பொம்பளைக்கு என்ன தெரியும்?"

ஜெயசீலி வாய் திறப்பதற்குள் ஏஞ்சலம்மாள் முன்னே வந்தாள். "தம்பி, பாப்பானவரையே பொட்டிக்குள்ள கொண்டாந்து காட்டுனவ இவ. ஒங்க மாப்பிள்ளையக் காட்ட மாட்டாளா? தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிய."

பாப்பானவர் என்றால் பாப்பரசர் என்று இசக்கிப்பாண்டிக்குத் தெரியவில்லை. ஆனால் தள்ளி நின்றான். தாலி கட்டும் நேரம் சொந்தக்காரர்கள் மணவறையை மறைத்து நெருக்கியபோது, ஜெயசீலி கேமராவைத் தலைக்கு மேலே தூக்கினாள். மாப்பிள்ளையின் தாலி முடியும் விரல்கள், பேராச்சியின் குனிந்த பிடரி, சுற்றிலும் அட்சதையோடு நீண்ட கைகள் எல்லாம் மேலிருந்து பார்த்ததுபோல ஒரே படத்தில் வந்தன. அதே இசக்கிப்பாண்டி அடுத்த வருடம் தன் மகள் சடங்குக்கு அவளைத் தேடி வந்தான்.

அறுபத்து எட்டில், தாராவியில் காசிம் என்பவரின் தோல் கிடங்குக்கு மேலே ஒரு சிறிய அறை காலியானது. அதில் ஜெயசீலி தன் சொந்த ஸ்டுடியோவைத் திறந்தாள். கிட்டுவுக்கு வருத்தம்தான். "எனக்கே போட்டியா வரயா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். திறப்பன்று ஒரு விளக்கு ஸ்டாண்டைத் தோளில் தூக்கிக்கொண்டு தாராவிச் சந்துக்குள் முதல் ஆளாக வந்ததும் அவர்தான்.

வந்தவர்கள் எல்லாம் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். சாயங்காலம் சேசுராஜ் வந்தான். வேலை முடிந்து, தேய்த்துக் குளித்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டிருந்தான். அறையைச் சுற்றிப் பார்த்தான். திரையைத் தொட்டுப் பார்த்தான்.

"சீலி, என்னைய ஒரு படம் எடுப்பியா?" என்றான்.

பம்பாயில் பாதித் தமிழர்களின் முகத்தை எடுத்தவள், கட்டியவன் முகத்தை ஒரு நாளும் எடுத்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். தோல் சாயம் ஏறிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"கைய மறைக்காதிய. மடியில வைங்க" என்றாள் ஜெயசீலி. "இப்ப என்னப் பாருங்க."

அவன் பார்த்தான். அவள் பித்தானை அமுக்க மறந்து, கண்ணாடியில் தெரிந்த அவனைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எடுத்தாச்சா?" என்றான் அவன்.

"இல்ல. அசையாம இருங்க, இப்ப எடுக்கேன்."