தவளையின் மஞ்சள் ஸ்டிக்கர்

என் அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்க்கிறாள். லென்ஸை வெட்டி, ஓரம் தேய்த்து, ஃபிரேமில் உட்கார வைப்பது அவள் பொறுப்பு. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தலைவலி என்று ஆள் திரும்பி வந்துவிடுவாராம். பதினேழு வருடத்தில் அப்படித் திரும்பி வந்தவர்கள் மூன்று பேர். மூவரையும் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறாள், அவர்களே மறந்திருப்பார்கள்.

அவளுடைய இன்னொரு வாழ்க்கை வாசலில் நிற்கிறது. பச்சை நிறம், அகலமான சக்கரம், தரையை ஒட்டிய உடம்பு. வீட்டில் எல்லோரும் அதைத் தவளை என்றுதான் சொல்வோம். எஞ்சின் இறுகிப்போய், யாரும் சீந்தாமல் கிடந்த பழைய காரை வாங்கி, ஒன்பது வருடம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகக் கழற்றி மாட்டினாள். இரண்டு வருடம் கியர் பாக்ஸ் பால்கனியில் செய்தித்தாள் விரித்துக் கிடந்தது. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ஸ்பிரிங்குகள். மாமா பொறுமைசாலி. "உங்க அக்கா என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியே இதைப் பார்த்திருந்தா, எனக்கு வாய்ப்பே இல்ல" என்பார், டார்ச்சைப் பிடித்துக்கொண்டே.

எதற்கு இந்தப் பாடு என்று கேட்டால் பெரிய காரணம் எதுவும் சொல்லமாட்டாள். "பிடிச்சிருக்கு" என்பாள். அவ்வளவுதான்.

போலீசுக்குத்தான் அது பிடிக்கவில்லை. ரொட்டி வாங்கப் போனால் நிறுத்துவார்கள், மழைக்கு ஒதுங்கினால் நிறுத்துவார்கள். உயரம் குறைவு, சத்தம் அதிகம், சக்கரம் அகலம் என்று ஏதாவது எழுதி, கண்ணாடியில் மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார்கள். ஒட்டினால் பதினாலு நாளில் சோதனை நிலையத்துக்குப் போய்ப் பாஸ் வாங்கியாக வேண்டும். போன வருடம் ஒரு சோதனை அதிகாரி நல்லது என்று கையெழுத்துப் போட்ட அதே ஸ்பிரிங்கை இந்த வருடம் இன்னொருவர் ஆகாது என்பார். பழைய சீட்டை நீட்டினால், "அது அவர் சொன்னது" என்று தள்ளிவிடுவார். அக்கா அத்தனை சீட்டையும் ஒரு கனத்த ஃபைலில் அடுக்கி வைத்திருந்தாள். எனக்குப் படிக்கும்போதே ரத்தம் கொதிக்கும்.

ஆனால் கொதித்து என்ன பயன், வாயைத் திறந்தேனா? இல்லை. நான் ஒரு பல் மருத்துவமனையில் வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற ஆள். வண்டியை நிறுத்தும் போலீஸ்காரர் ஓட்டுகிற அக்காவை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னிடம்தான் கேட்பார், "என்ன சார், வண்டியை இப்படிப் பண்ணி வெச்சிருக்கீங்க?" நான் அசட்டுச் சிரிப்பு சிரிப்பேன். சோதனை நிலையத்தின் படிவத்தில் 'மாற்றங்களைச் செய்தவர்' என்று ஒரு வரி உண்டு. இந்த வருடம் போன இரண்டு தடவையும் அதில் என் பெயரை எழுதினார்கள், நான் தலையாட்டினேன். ஒரு பெண் தானே செய்தாள் என்று தெரிந்தால் இன்னும் நோண்டுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு தடவையும் வீடு வரும்வரை அக்கா ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினாள்.

மூன்றாவது ஸ்டிக்கர்தான் கழுத்தைப் பிடித்தது. ஒரே வருடத்தில் மூன்று. இந்தத் தடவை பாஸ் ஆகாவிட்டால் நம்பர் பிளேட்டைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். அந்த வயசு வண்டிக்கு மறுபடி பதிவு கிடைப்பது குதிரைக் கொம்பு. பதினாலாம் நாள் மத்தியானம்தான் எங்களுக்கு நேரம் கொடுத்தார்கள். நாலு மணிக்கு நிலையத்தை மூடிவிடுவார்கள்.

அன்றைய அதிகாரி ஒல்லியான, முகத்தில் சிரிப்பே இல்லாத மனிதர். தரையில் படுத்து, வண்டியின் அடிப்பக்கத்துக்கும் தரைக்கும் நடுவே ஸ்கேலை வைத்தார்.

"தொண்ணூத்தாறு. நூறு மில்லிமீட்டர் இருக்கணும். ஃபெயில்."

"வீட்டுல நூத்திரெண்டு இருந்துச்சு சார்" என்றாள் அக்கா.

"வீட்டுல எல்லாருக்கும் சரியாத்தான் இருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் வண்டியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிக்கியிலிருந்து ஒரு மீட்டர் இரும்பு ஸ்கேலை எடுத்து வந்து, சக்கரத்தை ஒட்டித் தரையில் குறுக்காக, விளிம்பு கீழே படும்படி வைத்தாள். "டேய், உன் ஆஸ்பத்திரி கார்டு இருக்கா?" நேரம் எழுதிக் கொடுக்கிற அட்டைகளைக் கத்தையாகக் கொடுத்தேன். ஸ்கேலுக்கு அடியில் தெரிந்த சந்தில் ஒவ்வொன்றாகச் சொருகினாள். பதினாலு கார்டு போயிற்று.

"வருஷக்கணக்கா லாரி நின்னு நின்னு சக்கரத் தடம் ரெண்டும் குழிஞ்சிருக்கு சார். நடுவுல மேடு. ஆறு மில்லிமீட்டர் தரை சாப்பிட்டுடுச்சு. மூணு அடி முன்னால தள்ளி நிறுத்தவா?"

அவர் குனிந்து கார்டுகளைப் பார்த்தார். பிறகு கையால் முன்னே வரச் சொன்னார். அங்கே அளந்தால் நூற்றிரண்டு. கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது, அக்காவை, அவரை இல்லை.

சத்தமும் தேறியது. வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். "சரி" என்று பேனாவைத் திறந்தார். மணி மூன்று.

"சார், கையெழுத்து போடாதீங்க" என்றாள் அக்கா.

இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்றுதான் நினைத்தேன். அவள் முன் இடது சக்கரத்தின் உள்பக்கம் விரலை நீட்டிக்கொண்டிருந்தாள். பிரேக்குக்கு ஆயில் போகிற ஹோஸின் கறுப்பு ரப்பரில் மெல்லிசாக ஒரு சாம்பல் கோடு. "ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா டயர் இதுல உரசுது. போன மாசம் சக்கரம் மாத்தினப்ப நான் கவனிச்சிருக்கணும். இது என்னைக்காவது அறுந்துடும்."

அதிகாரி என்னிடம் திரும்பினார். அக்கா கொடுத்திருந்த ஃபைலைத் தட்டினார். "நீங்கதானே செஞ்சது? உங்க பேர்தான் ரெண்டு தடவையும் இருக்கு. ஹோஸை இப்படியா விடுவாங்க? இது உயிர் சம்பந்தப்பட்டது சார்!"

தலையாட்டத் தயாராக என் கழுத்து தானாக அசைந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஹோஸையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் இல்ல சார். டயருக்குக் காத்து அடிக்கவே ஆளைக் கூப்பிடுறவன் நான். ஒவ்வொரு போல்ட்டும் இவங்க போட்டது. அன்னைக்கு என் பேரை எழுதினப்ப நான் சும்மா இருந்துட்டேன். தப்புதான்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நாலு மணிக்கு கேட்டைப் பூட்டிடுவேன்" என்றார் அக்காவிடம். வண்டியைச் செய்தவளிடம் பேசுவதுபோல முதல் தடவையாக அவளிடம் பேசினார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் ஜாக்கி போட்டாள். மாற்று ஹோஸ் டிக்கியில் இருந்தது, அவளிடம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். மாட்டிய பிறகு பிரேக் லைனிலிருந்து காற்றை எடுக்க வேண்டும். அதற்கு உள்ளே ஒருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக நான் ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்தேன், ஆபீஸ் ஷூவோடு.

"மிதி. அப்படியே பிடி. விடாதே... விடாதேன்னு சொன்னேன்ல! ம், இப்ப விடு."

எத்தனை தடவை என்று எண்ணவில்லை. சக்கரத்துக்குப் பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் நிதானமாக வந்துகொண்டிருந்தது. கடையில் ஒரு லென்ஸை ஃபிரேமில் அழுத்தும்போதும் இப்படித்தான் இருப்பாள் என்று தோன்றியது. இத்தனை நாள் இவளை வேடிக்கை பார்த்துக் கிண்டல் அடித்த என்னை நினைத்து வெட்கமாக இருந்தது.

மூன்று ஐம்பதுக்கு அதிகாரியே வந்து பிரேக்கை ஓங்கி மிதித்தார். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடிக்கச் சொல்லி, குனிந்து ஹோஸைப் பார்த்தார். படிவத்தை பானெட் மேல் வைத்து, அக்காவிடம் பெயரைக் கேட்டு எழுதினார். மஞ்சள் ஸ்டிக்கரை ஓரத்திலிருந்து நகத்தால் உரித்து எடுத்தார். பிறகு ஒரு சாக்கட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், குழிந்த தடத்தைச் சுற்றிப் பெரிதாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

கேட்டைத் தாண்டியதும் அக்கா வண்டியை ஓரமாக நிறுத்தி, அந்தப் படிவத்தை எடுத்து 'மாற்றங்களைச் செய்தவர்' வரியைப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"இனிமே இதுல ஏதாவது தப்பு நடந்தா என்னைத்தான் பிடிப்பாங்க, தெரியும்ல?" என்றாள்.

"தெரியும்க்கா."

"நல்லது" என்று படிவத்தை ஃபைலில் வைத்து, வண்டியை எடுத்தாள்.